செட்டிநாட்டு வீட்டில் போர்ட்ரெய்ட்: இருக்கிற வெளிச்சமா, ஃபிளாஷா? முழுமையான வழிகாட்டி

புதிதாகக் கேமரா பிடிப்பவர்கள் காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்துப் பெரிய வீடுகளுக்குள் வந்ததும் ஒரு கணக்குப் போடுகிறார்கள். முகப்பில் வெயில் அடிக்கிறது, ஃபிளாஷ் வேண்டாம். வளவுத் தாழ்வாரம், அதாவது வீட்டு நடுமுற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம், இருட்டாக இருக்கிறது, ஃபிளாஷ் போடு. பெரும்பாலும் விடை இதற்கு நேர்மாறு. பதினொரு மணி வெயிலில் முகப்புப் படியில் நிற்பவருக்குக் கண்குழி கறுத்துவிடும். ஃபிளாஷ் அங்கேதான் வேண்டும். தாழ்வாரத்து ‘இருட்டு’ ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 1600க்குள் அடங்கிவிடும். அங்கே நேராக ஃபிளாஷ் அடித்தால் ஏற்கெனவே இருக்கிற நல்ல வெளிச்சம்தான் கெடும்.

வெளிச்சம் குறைவாக இருப்பது ஒன்று. தப்பான பக்கத்திலிருந்து வருவது வேறொன்று. முன்னதற்குக் கேமராவிலேயே மருந்து இருக்கிறது. பின்னதற்கு ஆளை நகர்த்த வேண்டும், முடியாவிட்டால் விளக்குப் போட வேண்டும். எது உங்கள் முன்னால் இருக்கிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் ஃபிளாஷ் பையைத் திறக்கவே வேண்டும்.

1. முதல் நாளே எடுத்து வைக்க வேண்டியவை

கேமராவோடு 50 அல்லது 85 மி.மீ. லென்ஸ் ஒன்று. சிறிய சென்சார் என்றால் 35ம் 50ம் போதும். ஒரு ஃபிளாஷ், அதைக் கேமராவை விட்டுத் தள்ளி எரிய வைக்க டிரிகர், ஸ்டாண்டு, சுமார் 100 செ.மீ. வெள்ளைக் குடை. ரீசார்ஜ் செல் இரண்டு செட். பழைய வீடுகளில் வளவின் நடுவே பிளக்பாயின்ட் தேடிக்கொண்டிருக்க முடியாது.

ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் பெரிய தெர்மாகோல் அட்டை இரண்டு வாங்கி, ஒவ்வொன்றின் ஒரு பக்கத்திலும் கறுப்பு சார்ட் ஒட்டிக்கொள்ளுங்கள். வெள்ளைப் பக்கம் வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும், கறுப்புப் பக்கம் தடுக்கும். விலை உயர்ந்த ரிஃப்ளெக்டர் செய்கிற வேலையில் முக்கால்வாசியை இது செய்துவிடும், காற்றில் படபடக்காது.

இரண்டு பழைய வெள்ளை வேட்டிகளும் பையில் இருக்கட்டும். ஒன்று ஜன்னலில் கட்ட, ஒன்று தரையில் விரிக்க. தரைக்கு எதற்கு என்பது ஆறாவது பகுதியில் வருகிறது. ஸ்டாண்டின் கால்களுக்குத் துணி சுற்றிவிடுங்கள். தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல் கையால் வார்த்த சிமென்ட் கல். மேற்பரப்பில் இரும்பு இழுபட்டால் கோடு விழும். அந்தக் கோட்டை எந்த மெழுகும் மறைக்காது.

எந்த நேரத்தில் படம் எடுக்கப் போகிறீர்களோ, முதல் நாள் அதே நேரத்தில் வீட்டை ஒரு சுற்றுப் பாருங்கள். காலை ஒன்பது மணிக்குப் பார்த்துவிட்டு மாலை நான்கு மணிக்கு எடுக்கப் போனால் அது வேறு வீடு.

2. லைட்டை எல்லாம் அணைத்துவிட்டு வீட்டைப் படியுங்கள்

போனவுடன் செய்ய வேண்டியது, டியூப்லைட், எல்இடி பல்பு எல்லாவற்றையும் அணைக்கச் சொல்வது. அவை எரிகிற வரை பகல் வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. வீட்டுக்காரர்கள், “இருட்டா இருக்குமே தம்பி” என்பார்கள். இரண்டு நிமிடம் பொறுத்தால் கண் பழகிவிடும் என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

அடுத்தது கை சோதனை. வலது கையை மடக்கி, கட்டைவிரலை மட்டும் நிமிர்த்தி, முகம் இருக்கப் போகிற உயரத்தில் நீட்டுங்கள். அப்படியே மெதுவாக ஒரு சுற்றுத் திரும்புங்கள். கட்டைவிரலை மூக்கு என்று நினைத்துக்கொண்டு நிழலைப் பாருங்கள். நிழல் நேர் கீழே விழுந்தால் வெளிச்சம் தலைக்கு மேல் இருக்கிறது. அங்கே உட்காருபவரின் கண்கள் இருண்டுவிடும். நிழல் சாய்வாகக் கீழே இறங்கி ஓரம் மங்கலாகத் தேய்ந்தால் அதுதான் இடம். நிழலே தெரியாவிட்டால் நாலாபுறமும் ஒரே மாதிரி வெளிச்சம். முகம் தட்டையாக வரும், தெர்மாகோலின் கறுப்புப் பக்கம் தேவைப்படும்.

வளவில் இதைச் செய்து பார்ப்பது நல்ல பாடம். திறந்த முற்றம் நடுவில், சுற்றிலும் தூண் வைத்த தாழ்வாரம். முற்றத்தின் விளிம்பிலேயே, முதல் தூணை ஒட்டி நின்றால் வானம் கிட்டத்தட்ட தலைக்கு மேல் இருக்கும். கட்டைவிரல் நிழல் நேர் கீழே. அங்கிருந்து ஐந்தாறு அடி உள்ளே வாருங்கள். இப்போது கூரை தலைக்கு மேலான வானத்தை மறைத்துவிடுகிறது. எதிரே தாழ்வாகத் தெரியும் வானத்துண்டு மட்டும் மிஞ்சுகிறது. வெளிச்சம் சாய்ந்து வந்து கண்ணுக்குள் விழும், கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். இன்னும் ஆறு அடி பின்னால் போனால் மென்மை கூடும், அளவு சட்டென்று இறங்கும். மூன்று இடத்திலும் ஒரே ஆளை உட்கார வைத்து மூன்று படம் எடுத்துப் பாருங்கள். விளிம்பில் இருப்பதுதான் ‘வெளிச்சமான’ படம், அதுதான் மூன்றில் மோசமான படமும்.

முற்றத்துக்கு மேலே என்ன போட்டிருக்கிறார்கள் என்று நிமிர்ந்து பாருங்கள். வெறும் கம்பிவலை என்றால் கவலை இல்லை. பச்சையோ நீலமோ கலந்த ஃபைபர் ஷீட் என்றால் முகத்தில் அந்த நிறம் ஏறும். அந்த வளவை விட்டுவிட்டுத் திண்ணைக்கோ இரண்டாம் கட்டுக்கோ போய்விடுவது புத்திசாலித்தனம்.

நேரம் பற்றி ஒன்று. இந்த ஊர்கள் நிலநடுக்கோட்டுக்குச் சுமார் 10 பாகை வடக்கே இருக்கின்றன. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நடு உச்சியில் நிற்கும், அதுவும் கடிகாரத்தில் 12:15 சுமாருக்கு. அப்போது வெயில் கிணற்றுக்குள் இறங்குவதுபோல முற்றத்தின் தரையில் நேராக விழுந்து, தரை விளக்காகிவிடும். முகத்துக்குக் கீழிருந்து வெளிச்சம் வந்தால் பேய்க்கதை மாதிரி ஆகும். காலை எட்டு முதல் பத்து வரை, மாலை நான்கு முதல் ஐந்தரை வரை என்று வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை இல்லை.

3. அளந்து பாருங்கள்

கண்ணை நம்பாமல் கேமராவை மேனுவலில் வைத்து இந்த வரிசையில் போங்கள்.

முதலில் ஷட்டர். அமைதியாக உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு 1/125 நொடி, நிற்கிற தம்பதிக்கு 1/160, சிறு பிள்ளைகளுக்கு 1/250. இதற்குக் கீழே இறங்கினால் வரும் ஆட்டத்தை எந்த மென்பொருளும் சரிசெய்யாது. ஐஎஸ்ஓ கூடினால் வரும் புள்ளிகளைச் சமாளிக்கலாம். அதனால்தான் ஷட்டரை முதலில் பூட்டுகிறோம்.

அடுத்து அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு; எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது. ஒருவருக்கு எஃப் 2.8, இருவருக்கு எஃப் 4, இரண்டு வரிசைக் குடும்பத்துக்கு எஃப் 5.6 முதல் 8. எஃப் 1.8 இருக்கிறதே என்று திறந்து வைத்தால் ஒரு கண் தெளிவு, மறு கண் மங்கல்.

கடைசியாக ஐஎஸ்ஓ. முகம் சரியாகத் தெரியும் வரை ஏற்றுங்கள். சிறிய சென்சாரில் 1600க்குள், பெரிய சென்சாரில் 3200க்குள் நின்றால், அளவுக்காக ஃபிளாஷ் தேவையில்லை.

பிறகு வித்தியாசத்தைப் பாருங்கள். ஸ்பாட் மீட்டரில் (சிறு இடத்தை மட்டும் அளக்கும் முறை) முகத்தை ஒருமுறை, பின்னணியை ஒருமுறை அளக்கவும். இரண்டு ஸ்டாப் வரை போகலாம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது). மூன்றைத் தாண்டினால் ஆளைத் திருப்ப வேண்டும், அல்லது ஃபிளாஷ். முகத்தின் வெளிச்சப் பக்கத்துக்கும் நிழல் பக்கத்துக்கும் நடுவேயும் அதே கணக்கு.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். கறுத்த தேக்குத் தூணும் கதவும் படச்சட்டத்தை நிறைத்திருந்தால், “இருட்டு” என்று எண்ணிப் படத்தை வெளுக்க வைக்கும். வேட்டி மடிப்பெல்லாம் கரைந்துபோகும். கறுத்த முகத்தை ஸ்பாட்டில் அளந்தாலும் இதே கதை: ஸ்டாப்பில் மூன்றில் இரண்டு பங்கு முதல் ஒரு ஸ்டாப் வரை குறைத்துக்கொள்ளுங்கள். முகத்தை வெளுக்க வைப்பது அழகு என்ற பழக்கத்தை விட்டுவிட இதைவிட நல்ல இடம் கிடையாது. வெளுத்துப்போகும் இடங்களைத் திரையில் மினுக்கிக் காட்டும் ஹைலைட் எச்சரிக்கையைப் போட்டுவைத்து, வேட்டி மடிப்பில் மினுக்காத அளவில் நிறுத்துங்கள்.

4. ஃபிளாஷுக்கு முன் செய்து பார்க்க வேண்டியவை

வரிசை முக்கியம்: ஆளை நகர்த்து, ஆளைத் திருப்பு, தெர்மாகோல் பிடி, துணி கட்டு. செலவில்லாததும், கெடுதல் செய்யாததும் முதலில்.

நகர்த்துவது என்றால் இரண்டடி போதும். “ஆச்சி, நாற்காலியோட இந்தத் தூண் பக்கமா வந்துருங்க” என்று சொல்லி, நாற்காலியை நீங்களே தூக்கிப் போடுங்கள். பெரியவர்களை நிற்க வைத்துக்கொண்டு இடம் தேடக் கூடாது. அவர்கள் வருவதற்கு முன் வீட்டுப் பையன் யாரையாவது உட்கார வைத்து முடித்துவிட வேண்டும். எண்பது வயதுக்காரர் முகத்தில் இயல்பான பார்வை பத்து நிமிடம் நிற்கும். அதற்குள் வேலை முடிய வேண்டும்.

திருப்புவது உடம்பை அல்ல, முதலில் மூக்கை. முற்றத்தை நேராகப் பார்த்தால் தட்டையான முகம். முற்றத்துக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து, முகத்தை மட்டும் கால்வாசி வெளிச்சத்தின் பக்கம் திருப்பினால், தூரத்துக் கன்னத்தில் ஒரு சிறு முக்கோண வெளிச்சம் விழும். அங்கே நிறுத்துங்கள்.

தெர்மாகோலை நிழல் பக்கத்தில், முகத்திலிருந்து இரண்டு மூன்று அடியில், சட்டத்துக்கு வெளியே பிடிக்கவும். தள்ளிப் பிடித்தால் பயன் வேகமாகக் குறையும். தரையில் படுக்கப் போடாதீர்கள். கீழிருந்து ஏறும் வெளிச்சம் தாடையையும் மூக்குத் துவாரத்தையும்தான் காட்டும். ஜன்னலில் நேர் வெயில் விழுந்தால் வேட்டியை ஒற்றையாகக் கட்டுங்கள்.

5. ஃபிளாஷ் கட்டாயம் வேண்டிய இடங்கள்

வெயில் விழும் வீட்டு முகப்பு பின்னணியில் தெரிய வேண்டும், ஆள் திண்ணை நிழலில் இருக்க வேண்டும் என்றால் ஒன்று. நிழலுக்கும் வெயிலுக்கும் மூன்று ஸ்டாப் வித்தியாசம் சாதாரணம்.

அறுபதாம் கல்யாணச் சாந்தி போன்ற விசேஷத்தில் இரண்டு வரிசையாகக் குடும்பப் படம் எடுப்பது இன்னொன்று. எஃப் 5.6, 1/125 வேண்டும். அதற்குத் தாழ்வாரத்து வெளிச்சம் போதாது.

பொழுது சாய்ந்த பிறகு, பல்புகளை அணைக்க முடியாத நேரமும் உண்டு.

குத்துவிளக்கு ஏற்றும் படத்தில் மட்டும் ஃபிளாஷைத் தொடாதீர்கள். சுடரின் மஞ்சள் அந்தப் படத்தின் உயிர். ஐஎஸ்ஓ 3200க்கு ஏற்றி, எஃப் 2, 1/80இல், திரி ஏற்றும் கையை நிறுத்திக்கொள்ளச் சொல்லி எடுங்கள்.

6. ஃபிளாஷைச் சேர்க்கும் வரிசை

முதல் படி: ஃபிளாஷை அணைத்து வைத்துக்கொண்டு பின்னணிக்கு மட்டும் அளவு வையுங்கள். வளவில் என்றால் பின்னணி கண்ணுக்குத் தெரிவதைவிட ஒரு ஸ்டாப் குறைவாக இருக்கட்டும். இதைச் செய்யாமல் ஃபிளாஷிலிருந்து ஆரம்பிப்பவர்களுக்குத்தான் பின்னால் தூண்கள் எல்லாம் குகை மாதிரி கறுத்துப் போகின்றன.

இரண்டாம் படி: ஷட்டர் 1/200க்கு மேல் போகக் கூடாது. உங்கள் கேமராவின் சிங்க் வேகம் (ஃபிளாஷோடு ஒத்துப்போகும் அதிகபட்ச ஷட்டர் வேகம்) 1/250ஆகவும் இருக்கலாம், கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டினால் படத்தில் ஒரு கறுப்புப் பட்டை விழும். ஹைஸ்பீடு சிங்க் போட்டால் பட்டை போகும், ஆனால் ஃபிளாஷின் பலம் பெருமளவு போய்விடும்.

மூன்றாம் படி: குடையை முகத்திலிருந்து ஐந்தடியில், கண்ணுக்கு ஓரடி மேலே, 45 பாகை பக்கவாட்டில் வையுங்கள். எந்தப் பக்கம்? முற்றத்து வெளிச்சம் வரும் அதே பக்கம். எதிர்ப்பக்கம் வைத்தால் மூக்குக்கு இரண்டு நிழல். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றும்.

நான்காம் படி: டிடிஎல்லை (கேமராவே ஃபிளாஷின் அளவை முடிவு செய்யும் முறை) விட்டு மேனுவலுக்கு வாருங்கள். ஐஎஸ்ஓ 400, எஃப் 4இல் 1/32 பவரில் ஆரம்பித்து, முகம் சரியாகும் வரை ஏற்றவோ இறக்கவோ செய்யலாம். டிடிஎல்லில் படத்துக்கு முன்னால் ஒரு சிறு மின்னல் அடித்து அளந்துகொள்ளும். சிலர் அதற்கே இமையை மூடத் தொடங்கி, படம் விழும்போது கண் மூடியிருப்பார்கள். “ஆச்சி எப்பவுமே கண்ண மூடிர்றாக” என்று பேரன்கள் குறைசொல்வார்கள். குற்றம் ஆச்சியுடையது அல்ல.

ஐந்தாம் படி: இனி பின்னணி மட்டும் கூடவோ குறையவோ வேண்டுமானால் ஷட்டரைத் தொடுங்கள். முகம் மட்டும் என்றால் ஃபிளாஷ் பவரை. ஃபிளாஷ் வெடிக்கிற நேரம் மிகச் சிறியது; ஷட்டர் 1/60 ஆனாலும் 1/200 ஆனாலும் அது முழுதாக உள்ளே வந்துவிடும். அப்பர்ச்சரும் ஐஎஸ்ஓவும் இரண்டையும் சேர்த்து ஏற்றி இறக்கும். இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டுவிட்டால் ஃபிளாஷ் பயம் போய்விடும்.

இரண்டு வரிசைக் குழுவுக்குக் குடையைக் கிட்டே வைக்காதீர்கள். முன்வரிசை ஐந்தடி, பின்வரிசை எட்டடி என்றால் பின்னால் நிற்பவருக்கு ஒன்றேகால் ஸ்டாப்புக்கு மேல் குறையும். பத்தும் பதின்மூன்றுமாகத் தள்ளி வைத்தால் முக்கால் ஸ்டாப்தான். ஐஎஸ்ஓ 800, எஃப் 5.6, 1/8 பவர் அளவில் தொடங்குங்கள்.

வெயில் முகப்புக்கு ஓர் எச்சரிக்கை. ஐஎஸ்ஓ 100, 1/200இல் உச்சி வெயிலுக்கு எஃப் 11 வேண்டும். கைக்கடக்கமான ஃபிளாஷ் முழுப் பவரில், குடை வழியாக, ஐந்தடியில் அந்த எஃப் 11ஐ எட்டித்தான் பிடிக்கும். ஒவ்வொரு படத்துக்கும் பல நொடி காத்திருக்க வேண்டும். லென்ஸில் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி கண்ணாடி போட்டால் தீரும் என்று சொல்வார்கள். அது வெயிலையும் ஃபிளாஷையும் ஒரே அளவில் குறைக்கும், விகிதம் மாறாது. குடையைக் கழற்றிவிட்டு நேராக அடிக்கலாம், நிழல் கூராகும். மாலை நாலரைக்கு வருவதே மேல்.

கூரையில் பட்டுத் திரும்பட்டும் என்று ஃபிளாஷை மேலே திருப்புவது கல்யாண மண்டபத்துப் பழக்கம். இங்கே கூரை உயரம், பல இடங்களில் தேக்கு. பாதி வெளிச்சத்தை மரம் குடித்துவிட்டு மீதியைப் பழுப்பாக அனுப்பும். அதற்குப் பதில் பக்கத்து வெள்ளைச் சுவரில் அடியுங்கள், அந்தச் சுவர் சட்டத்தில் வராமல். முட்டை வெள்ளைக்கரு கலந்து தேய்த்த சுண்ணாம்புச் சுவர் வழுவழுவென்று மின்னும். படத்துக்குள் வந்தால் ஒரு வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரியும்.

தரை விஷயத்துக்கு வருவோம். சிவப்பு ஆத்தங்குடிக் கல் மேல் வெயிலோ ஃபிளாஷோ விழுந்தால், தாடைக்கு அடியிலும் வெள்ளைச் சட்டையின் கீழ்ப்பாதியிலும் செம்மை ஏறும். கேமராத் திரையில் தெரியாது, பிரிண்டில் தெரியும். ஒயிட் பேலன்ஸை (கேமராவின் நிறச் சமநிலை) மாற்றினால் முகம் முழுதும் நீலமாகும், தாடை மட்டும் சிவப்பாகவே நிற்கும். இடுப்பளவுப் படம் என்றால் காலடியில் இரண்டாவது வேட்டியை விரித்துவிடுங்கள், தீர்ந்தது.

7. நிறம் கலக்காமல்

பகல் வெளிச்சமும் ஃபிளாஷும் ஏறத்தாழ 5500 கெல்வின், சேர்ந்து போகும். மஞ்சள் பல்பு 3000 பக்கம். அணைக்க முடியாத மஞ்சள் பல்புகளுக்கு நடுவே வெறும் ஃபிளாஷ் அடித்தால் முகம் நீலம், சுவர் ஆரஞ்சு. ஃபிளாஷ் முகத்தில் முழு சிடிஓ ஜெல் (ஆரஞ்சு நிற ஃபில்டர் தாள்) ஒட்டி, ஒயிட் பேலன்ஸை 3200இல் வையுங்கள். பகலும் பல்பும் கலந்த அந்தி நேரத்துக்கு அரை சிடிஓ, 4000 பக்கம். ரா கோப்பில் எடுங்கள், நிறத்தைப் பிறகு திருத்தலாம்.

மலிவான எல்இடி விளக்குகள் மின்சாரத்தோடு சேர்ந்து நொடிக்கு 100 முறை துடிக்கும். படத்தில் கோடுகோடாக விழுந்தால் ஷட்டரை 1/100க்கு மாற்றிப் பாருங்கள்.

8. கண்ணாடி, வைரம், பட்டு

மூக்குக் கண்ணாடியில் குடை தெரிந்தால் ஸ்டாண்டை ஓரடி உயர்த்துங்கள். போதவில்லையா, கண்ணாடியின் காதுப்பிடியைக் கொஞ்சம் தூக்கி வைக்கச் சொல்லுங்கள்; சில்லு சற்றே கீழே சாயும், பிரதிபலிப்பு தரைக்குப் போய்விடும். கண்ணாடியைக் கழற்றச் சொல்வது கடைசி வழி. தினமும் போடுகிறவர் கழற்றினால் மூக்கின் இருபுறமும் தடம் தெரியும், பார்வையும் அலைபாயும்.

சுவரில் முன்னோர் படங்களும் பெரிய நிலைக்கண்ணாடிகளும் இருக்கும். எடுப்பதற்கு முன் கேமராவின் இடத்தில் நின்று, ஒவ்வொன்றிலும் குடை தெரிகிறதா என்று பார்க்கவும்.

வைரத்தோட்டுக்கு மென்மையான வெளிச்சம் ஆகாது. வெறும் கண்ணாடிக்கல் போலச் செத்துப்போகும். சின்ன, கூரான வெளிச்சம் ஒன்று வேண்டும். செல்போன் டார்ச்சை ஆறடி தள்ளி ஒருவரைப் பிடிக்கச் சொன்னாலே பொறி பறக்கும். பட்டுச்சேலையில் சரிகை நேர் ஃபிளாஷில் வெள்ளைத் தகடாகிவிடும். பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் நெசவு தெரியும். கண்டாங்கிச் சேலையின் கட்டத்துக்கும் அதுவே.

9. அடிக்கடி நடப்பவை

படம் முழுக்கப் புள்ளி: உள்ளே எடுத்த ஐஎஸ்ஓ 1600ஐ மாற்றாமல் வெளியே வந்திருப்பீர்கள். இடம் மாறும்போதெல்லாம் ஐஎஸ்ஓவைப் பார்ப்பது பழக்கமாக வேண்டும்.

முதல் படம் நன்றாக, மூன்றாவது இருட்டாக: ஃபிளாஷ் முழுதாகச் சார்ஜ் ஆகவில்லை. பச்சையோ சிவப்போ, தயார் விளக்கு எரிந்த பிறகு அழுத்துங்கள். ஐஎஸ்ஓவை ஒரு படி ஏற்றிப் பவரைப் பாதியாக்கினால் வேகம் கூடும்.

குடை சாய்ந்து விழுவது: முற்றம் காற்றை இழுக்கும். ஸ்டாண்டின் காலில் கேமராப் பையைத் தொங்கவிடுங்கள், அல்லது ஓர் ஆளை நிறுத்துங்கள்.

பூட்டிய அறைக் கதவு முன்னால் நல்ல வெளிச்சம் இருக்கிறதென்று தானாகத் திறந்துவிடுவது: வளவு பொது, அறை ஒவ்வொரு புள்ளிக்கும் (மணமான தம்பதியின் தனிக் குடும்பம்) தனி. யாருடைய அறை என்று கேட்டு, அந்தக் குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கதவில் கை வைக்க வேண்டும். சாமி அறை இருக்கும் பக்கம் செருப்பும் ஸ்டாண்டும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் ஒரு வேலை பாக்கி. கடைசி இடத்தில், ஆளை நகர்த்தாமல், ஃபிளாஷோடு ஒன்று, ஃபிளாஷ் இல்லாமல் ஒன்று எடுங்கள். இரண்டையும் அங்கேயே பெரிதாக்கி, கருவிழியில் உள்ள வெள்ளைப் புள்ளியைப் பாருங்கள். ஃபிளாஷ் இல்லாத படத்திலும் புள்ளி இருந்தால், அந்த இடத்துக்குக் குடையைச் சுமந்து வந்தது வீண். நோட்டில் குறித்துவைத்துக்கொண்டு ஸ்டாண்டை இழுக்காமல் தூக்கி எடுத்து வெளியே வாருங்கள்.